பனிக்கு யார் ஜாமீன்?

வானத்திடம் பத்திரம் எழுதி வாங்கிய மனிதன் இதுவரை பிறந்ததில்லை. ஆனால் பிறந்துவிட்டதாகச் சில விளம்பரங்கள் சொல்லுகின்றன. "டிசம்பர் முதல் மார்ச் வரை குல்மார்க்கில் பனிச்சறுக்கு சீசன். வெண்பனிக்கு உத்தரவாதம்!" என்று வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த துண்டு ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது. பிரயாண ஏற்பாடு செய்யும் ஒரு கம்பெனி அனுப்பியது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இந்தமாதிரிக் காகிதங்களில் பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான். விமானக் கட்டணம் இருக்கிறது. ஹோட்டல் வாடகை இருக்கிறது. சிவப்புக் கோட்டு அணிந்த தம்பதிகள் பனியை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்ளும் படம் இருக்கிறது. கடைசியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில், "இயற்கையினால் நேரும் மாறுதல்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வாக்கியமும் இருக்கிறது. மேலே உத்தரவாதம், கீழே கைவிரிப்பு! ஒரே காகிதத்தில் இரண்டையும் அச்சடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் பாருங்கள்.

ஆனாலும் நான் கம்பெனிக்காரர்களை மட்டும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கத்தரிக்காய் விற்கிறவன் சொத்தையை அடியில் போட்டு மறைக்கத்தான் பார்ப்பான். வாங்குகிறவருக்குக் கண் எங்கே போயிற்று? நமக்குக் குளிர்காலம் என்பது காலண்டரில் ஒரு தாள். பள்ளிக்கூடத்துக்கு அரைப்பரீட்சை லீவு விட்டால் காஷ்மீரத்தில் பனி பெய்தாக வேண்டும்! தேதி தவறாமல் வந்து நிற்க அது என்ன ரயிலா? ரயிலே நேரத்துக்கு வருவதில்லை என்று தினமும் புலம்புகிற நாம், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வரும் காற்று மட்டும் நம் லீவுக்குத் தோதாக வந்து சேரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இந்த மயக்கத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. வாசலில் கோலம் போடுகிறவளின் தலையை நனைப்பதும் பனி. இமயமலையில் ஆள் உயரத்துக்குக் குவிவதும் பனி. நம் மார்கழிப் பனி செலவில்லாமல் இரவுதோறும் இறங்குவது. அதே பெயர் கொண்டிருப்பதால் மலைப் பனியும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் வெண்பனி என்பது பனியே அல்ல, அது மழை. குளிர்ந்து, வெளுத்து, ஓடாமல் நின்றுபோன மழை. மழை எந்தெந்தக் காரணங்களால் பொய்க்குமோ அந்தக் காரணங்கள் அத்தனையாலும் வெண்பனியும் பொய்க்கும்.

காஷ்மீரத்தின் குளிர்கால மழை எங்கிருந்து வருகிறது? மத்தியதரைக் கடல் பக்கத்தில் பிறந்து, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் தாண்டி, வானத்தில் உயரே ஓடும் மேற்குக் காற்றோட்டத்தின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது. மேற்கத்தியக் கலக்கங்கள் என்று வானிலைக்காரர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வருவது வழக்கம். அந்தக் காற்றோட்டம் கொஞ்சம் வடக்கே விலகினால் கலக்கம் நம்மைத் தொடாமலே போய்விடும். ஈரம் குறைந்து வந்தால் வானம் மூடிவிட்டுத் திறக்கும், அவ்வளவுதான். வெப்பத்தோடு வந்தால், பனியாக விழவேண்டியது தண்ணீராக விழும். ஒரு டிகிரி சூடு கூடினால், மழை வெண்பனியாக மாறுகிற எல்லைக்கோடு மலையில் சுமார் 150 மீட்டர் மேலே ஏறிவிடுகிறது.

நமக்கு முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று இரண்டு உண்டல்லவா? காஷ்மீரத்து ஜனங்கள் தங்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ஆம் தேதியிலிருந்து நாற்பது நாள் 'சில்லை கலான்' என்ற பெருங்குளிர். பிறகு இருபது நாள் 'சில்லை குர்த்' என்ற சிறுகுளிர். அப்புறம் பத்து நாள் 'சில்லை பச்சா' என்ற குழந்தைக் குளிர். இந்தக் கணக்கு உல்லாசப் பிரயாணிகளுக்காக ஏற்பட்டதல்ல. பெருங்குளிரின் நாற்பது நாளில் விழுகிற பனிதான் இறுகி, கெட்டிப்பட்டு, மலையில் தங்கும். கோடையில் ஊற்றாக, ஓடையாக, ஜீலம் நதியாக இறங்கி வருவது அதுதான். பிப்ரவரிக் கடைசியில் விழும் பனி ஈரமானது. வெயில் ஏறிவிட்ட காலம். விழுந்த வேகத்திலேயே உருகத் தொடங்கும். டிசம்பர்ப் பனி பாங்கில் போட்ட பணம்; மார்ச்சுப் பனி சட்டைப்பையில் வைத்த பணம்.

இந்த வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு 2024-ஆம் வருஷத்து ஜனவரி வயிற்றைக் கலக்கியிருக்கும். பெருங்குளிரின் நாற்பது நாளில் பெரும்பகுதி கழிந்தும் குல்மார்க்கின் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் வெண்பனி வந்தது. அந்தப் படங்களைப் பத்திரிகைகளில் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன சொன்னோம்? "ஐயோ பாவம், புது மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏமாற்றம்!" என்றோம். ஊற்றுக்களைப் பற்றி ஒருவராவது கேட்டோமா?

அடுத்த வருஷம் கதை இன்னும் தெளிவாக நடந்தது. 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுக்கள் 2020-இல் தொடங்கியவை. 2025-இல் குல்மார்க்கில் நடக்கவேண்டிய பகுதியைப் பிப்ரவரி 22 முதல் 25 வரை என்று நிர்ணயித்திருந்தார்கள். நாள் நெருங்கியபோது சறுக்குவதற்குப் போதிய பனி இல்லை. ஒத்திப்போட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் பனி கொட்டியது. மார்ச் 9 முதல் 12 வரை விளையாட்டுக்கள் நடந்தேறின.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஒத்திப்போட்டதில் தப்பே இல்லை, அது புத்திசாலித்தனம். நான் கேட்பது வேறு. அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதியன்றே நம் வானிலை இலாகா ஒரு முன்னோட்டம் வெளியிட்டிருந்தது. வட இந்தியாவில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதத்திலும் சேர்த்துப் பெய்யும் மழை, வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதற்கே அதிகச் சாத்தியம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது வருஷச் சராசரி சுமார் 184 மில்லிமீட்டர். அதில் 86 சதவீதம்கூட வராமல் போகலாம் என்பது எச்சரிக்கை. ரகசியக் கடிதம் அல்ல. எல்லாப் பத்திரிகைகளுக்கும் கொடுத்த அறிக்கை. கோதுமை விவசாயிகள் அதைக் கவனித்தார்கள். சீசன் நடத்துகிறவர்களும் சீசனுக்குப் போகிறவர்களும் கவனித்ததாக எந்த விளம்பரத்திலும் அடையாளம் இல்லை. உத்தரவாதக் காகிதங்கள் அச்சாகிக்கொண்டேதான் இருந்தன.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார். "வானிலை இலாகா சொன்னது என்றைக்கு ஐயா நடந்திருக்கிறது? மழை வரும் என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்!" இந்த ஹாஸ்யத்துக்கு வயது என் வயதைவிட அதிகம். சிரிக்கிறவர்களைப் பார்த்தால், இதே ஆசாமிகள் சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் படிக்கும்போது, இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்பதைக் கைகட்டிக் கேட்கிறார்கள். மலைக்கு எத்தனை பங்கு, கடலுக்கு எத்தனை பங்கு என்பதையும் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். பஞ்சாங்கம் தவறினால் கலிகாலம். வானிலை இலாகா தவறினால் மட்டும் மோசடி!

முன்னோட்டம் என்பது ஆரூடம் அல்ல. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர் எட்டு இருக்கிறது என்றால், கல்யாணத்துக்குப் பிறகு சண்டையே வராது என்று அர்த்தமா? பத்து வருஷம் இதே நிலைமை நேர்ந்தால் பாதிக்கு மேற்பட்ட வருஷங்களில் மழை குறையும் என்று சொல்லுகிறார்கள். இன்ன தேதியில் இன்ன மைதானத்தில் இத்தனை அங்குலம் என்று அவர்கள் சொல்லுவதில்லை, சொல்லவும் முடியாது. அந்த அளவுக்கு அடக்கமாகப் பேசுகிறவரைப் பொய்யர் என்று கேலி செய்கிறோம். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று அச்சடிக்கிறவரிடம் முன்பணம் கட்டுகிறோம். யாரைக் கேலி செய்யவேண்டும் என்பதை நண்பர் ஒரு முறை யோசித்துச் சொல்லட்டும்.

நண்பர் விடுவதாக இல்லை. "சரி, கடைசியில் பனி வந்துவிட்டதே! விளையாட்டும் நடந்ததே! எல்லாம் வீண் பயம்" என்கிறார். விளையாட்டுக்கு வந்தது, ஊற்றுக்கு வந்ததா? அதே 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்து அச்சபல் ஊற்று வற்றிப்போயிற்று. ஜஹாங்கீர் பாதுஷாவின் ராணி நூர்ஜஹானின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மொகலாயத் தோட்டம் அந்த ஊற்றை நம்பித்தான் அங்கே அமைந்தது. சுற்றுப்பக்கத்துக் கிராமங்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். குளிர்காலம் முடியுமுன்பே ஊற்று வற்றுவது என்றால் என்ன அர்த்தம்? அறுவடை மாதத்திலேயே குதிர் காலி என்று அர்த்தம்.

ஒரு வருஷத்து வறட்சியைக் கையில் பிடித்துக்கொண்டு உலகம் அழிகிறது என்று கூவுகிறவன் அல்ல நான். மலையில் பனி பொய்த்த வருஷங்கள் முன்பும் உண்டு. ஆனால் காட்மாண்டுவில் இருக்கும் சர்வதேச மலைப்பகுதி ஆராய்ச்சி நிலையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை இந்துகுஷ், இமயமலைத் தொடர்களில் வெண்பனி எத்தனை நாள் நிலத்தின்மேல் தங்குகிறது என்ற கணக்கு. 2025-இல் அது வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு. இருபத்துமூன்று வருஷங்களில் அவ்வளவு குறைந்ததில்லை. அதோடு, வழக்கத்துக்குக் குறைந்த வருஷங்களில் அது தொடர்ச்சியாக மூன்றாவது. ஒரு தடவை என்றால் விபத்து என்று சொல்லலாம். மூன்று தடவை தொடர்ந்தால் குடும்பத் தலைவன் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கத்தானே வேண்டும்?

இனி வருகிறார் விஞ்ஞான அன்பர். இவர் எதற்கும் கலங்குவதில்லை. "வானம் பெய்யாவிட்டால் இயந்திரம் பெய்யும். சீனாக்காரன் செய்யவில்லையா?" என்கிறார். செய்தான். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் ஏறக்குறைய முழுவதும் இயந்திரப் பனியின்மேல்தான் நடந்தன. பிரான்ஸ் தேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2020 பிப்ரவரியில் பிரனீஸ் மலையில் ஒரு சறுக்கு ஸ்தலத்துக்கு ஹெலிகாப்டரில் சுமார் ஐம்பது டன் பனியைத் தூக்கிவந்து கொட்டினார்கள். கல்யாணப் பந்தலில் மோர் தீர்ந்துவிட்டது என்று விமானத்தில் மோர் வரவழைத்த கதை!

இயந்திரப் பனி வானத்திலிருந்து வருவதில்லை, குழாயிலிருந்து வருகிறது. ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு இரண்டு, இரண்டரை கன மீட்டர் பனி கிடைக்கும். இரண்டரை ஏக்கர் சரிவில் ஓர் அடி கனத்துக்குப் பனி பரப்ப, பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். ஊற்று வற்றிய ஊரில் அதை எங்கிருந்து எடுப்பது? அதுவும் காற்றில் போதிய குளிர் இருந்தால்தான் இயந்திரம் பனி கக்கும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீரைத்தான் பீச்சும். எந்தச் சூடு பனியைத் தடுத்ததோ அதே சூடு இயந்திரத்தையும் தடுக்கும். ஐரோப்பாவில் 2,234 சறுக்கு ஸ்தலங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்து 2023-இல் வெளியிட்டார்கள். உலகம் இரண்டு டிகிரி சூடேறினால், இயந்திர உதவி இல்லாமல் அவற்றில் 53 சதவீதம் பெரும் பனித்தட்டுப்பாட்டுக்கு ஆளாகும். பாதிச் சரிவுகளுக்கு இயந்திரப் பனி போட்டால்கூட 27 சதவீதம் தப்பாது. நாலு டிகிரி ஏறினாலோ, இயந்திரம் வைத்தும் 71 சதவீதம். பணமும் மின்சாரமும் தண்ணீரும் கொட்டிக் கிடக்கும் ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் கதி இது. குடிநீருக்கு வரிசையில் நிற்கும் ஊருக்கு இந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்கிறவரை நான் விஞ்ஞானி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சீசன் சுருங்குவதில் இன்னோர் ஆபத்து உண்டு. அதைப்பற்றி எந்தக் காகிதமும் பேசுவதில்லை. குல்மார்க்கின் புல்வெளி 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் ஓடும் தொங்குவண்டி, அபர்வாத் சிகரத்துச் சரிவில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. கீழே பனி இல்லாத வருஷத்தில் மேலே இருக்கலாம். உடனே, "சீசன் நடக்கிறது, வாருங்கள்" என்பார்கள். கீழே இருப்பது குழந்தைகளும் கற்றுக்குட்டிகளும் விழுந்து எழுந்து பழகும் மைதானம். மேலே இருப்பது தேர்ந்தவர்களுக்கே உயிர்ப் பணயமான சரிவு. வெகுநாள் வறட்சியில் அடிப்பனி சர்க்கரைபோலப் பொலபொலத்துவிடும். அதன்மேல் திடீரென்று புதுப்பனி பாரமாக இறங்கினால், எல்லாம் சேர்ந்து சரியும். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அந்த மலையில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி, கீழே விளையாட்டுக்கள் நடந்துகொண்டிருந்த சமயத்தில், இன்னொரு சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். பழகியவர்கள் கதியே இப்படி. பாதி சீசனை முழு சீசன் என்று விற்பது வெறும் வியாபாரத் தந்திரம் அல்ல என்பதற்காகச் சொல்லுகிறேன்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் இருக்கிறது. மற்றவற்றை நான் பரிகசித்தேன். இதைப் பரிகசிக்க மனம் வராது. "பனி இல்லை, பனி இல்லை என்று நீர் எழுதினால் பிரயாணிகள் நின்றுவிடுவார்கள். மட்டக்குதிரைக்காரனும், சறுக்குவண்டி இழுக்கிறவனும், சறுக்கக் கற்றுத் தருகிறவனும் பட்டினி கிடப்பார்கள். சூடான காப்பியைக் குடித்துக்கொண்டு எழுதுகிற உமக்கு அவர்கள் கஷ்டம் எப்படித் தெரியும்?" என்பது அது. நியாயமான கேள்வி. நாலு மாதத்தில் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். அந்த நாலு மாதம் இரண்டு மாதமாகச் சுருங்கினால் வருஷத்தில் பாதி போயிற்று.

ஆனால் பொய் விளம்பரம் அவர்களையா காப்பாற்றுகிறது? உத்தரவாதத்தை நம்பி வந்த குடும்பம் சேற்றையும் காய்ந்த புல்லையும் பார்க்கிறது. விமானக் கட்டணம் விமானக் கம்பெனிக்குப் போய்விட்டது. வாடகை ஹோட்டலுக்குப் போய்விட்டது. தரகு தரகருக்குப் போய்விட்டது. கண்ணெதிரே மிஞ்சி நிற்பவன் சறுக்குவண்டிக்காரன் ஒருவன்தான். கோபம் முழுவதும் அவன்மேல் பாய்கிறது, பேரமும் அவனிடத்தில்தான். ஏமாற்றத்தில் லாபம் எடுத்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே வசூல் செய்துகொண்டவர்கள். நஷ்டம் முழுவதும் கடைசியில் கை நீட்டுகிறவனுக்கு. அவனுடைய வயிற்றைக் காட்டி இந்த வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் என்ன செய்யவேண்டும் என்கிறீர்களா? சீசனைக் காலண்டர் திறக்கக் கூடாது, பனி திறக்கட்டும். அடிவாரத்திலும் உச்சியிலும் எத்தனை அங்குலம் பனி இருக்கிறது என்பதைத் தினமும் காலையில் அளந்து, ரேஷன் கடையில் இருப்புப் பலகை எழுதுவதுபோல் ஊரறிய எழுதிவைக்கட்டும். எந்தச் சரிவு யாருக்கு ஏற்றது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதட்டும். பந்தயங்களுக்கு ஒரு தேதி வைக்கும்போதே மாற்றுத் தேதியும் வைக்கட்டும். 2025-இல் கடைசி நேரத்தில் செய்ததை முதலிலேயே திட்டமாகச் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பனியை விற்கிறவர், பனி இல்லாவிட்டால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரட்டும். இன்னொரு பங்கு, பிழைப்புப் போன அந்த ஊர்த் தொழிலாளிகளுக்குச் சேரும்படி சர்க்கார் சட்டம் செய்யட்டும். விவசாயிக்குப் பயிர் இன்ஷ்யூரன்ஸ் இருக்கலாம் என்றால், சறுக்குவண்டிக்காரனுக்குப் பனி இன்ஷ்யூரன்ஸ் இருந்தால் என்ன? குடிநீர் ஊற்றுக்களிலிருந்து இயந்திரப் பனிக்கு ஒரு சொட்டுக்கூட எடுக்கக்கூடாது.

இவையெல்லாம் சர்க்காரும் முதலாளிகளும் செய்யவேண்டியவை. அவர்கள் நிதானமாகச் செய்வார்கள். நீங்களும் நானும் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த முறை வழவழப்பான காகிதம் வீடு தேடி வரும்போது, அனுப்பியவருக்கு ஒரு கார்டு போட்டு இரண்டே கேள்விகள் கேளுங்கள். "இந்த மூன்று மாதத்துக்கு வானிலை இலாகாவின் முன்னோட்டம் என்ன சொல்லுகிறது? பனி இல்லாவிட்டால் எனக்கு எத்தனை ரூபாய் திரும்பும். அந்த ஊர்க்காரனுக்கு எத்தனை ரூபாய் சேரும்?" ஒழுங்கான பதில் வந்தால் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். பனி இருந்தால் விளையாடுங்கள். இல்லாவிட்டால் மலையைப் பாருங்கள், அதுவும் சாமானியமான காட்சி அல்ல. பதிலே வராவிட்டால், காகிதத்தின் அடியிலுள்ள பொடி எழுத்துத்தான் பதில் என்று வைத்துக்கொண்டு, பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.